பொய் சைட் போட்டு நிஜ லிங்க் வாங்குறது எப்படி

அடுத்தவங்க சைட்ல இருந்து நம்ம சைட்டுக்கு லிங்க் விழுந்தா, கூகுள் தேடல்ல நாம மேல வர அது உதவும். அந்த லிங்க்கைக் குடுங்கன்னு நூறு பேருக்கு மெயில் தட்டிப் பாருங்க, முக்கால்வாசிப் பேர் திறக்கவே மாட்டாங்க, திறந்தவங்கள்ல பாதிப்பேர் "எவ்ளோ தருவீங்க"ன்னு கேப்பாங்க. அதே ஆளுங்க ஒரு கிறுக்குத்தனமான சைட்டைப் பார்த்து வாய்விட்டு சிரிச்சுட்டாங்கன்னா யாரும் கேக்காமலே லிங்க் போட்டுட்டுப் போவாங்க. நையாண்டி சைட், டூப்பு சைட், ஏப்ரல் ஒண்ணு சைட்னு எந்தப் பேர்ல சொன்னாலும் இந்த வித்தைக்கு இவ்ளோ வருஷமா மவுசு குறையாம இருக்குறதுக்குக் காரணம் அதான்.

ஆனா இதுல ரெண்டு ஜாதி இருக்கு, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு இறங்குறவன்தான் அடி வாங்குறான். ஒண்ணு நையாண்டி, பாக்குறவன் கொஞ்ச நேரம் முழிப்பான், அப்புறம் புரிஞ்சதும் சிரிப்பான். இன்னொண்ணு சுத்தமான ஏமாத்து, பாக்குறவன் கடைசி வரைக்கும் நம்பணும், நம்பினாத்தான் பருப்பு வேகும். எனக்கு ஒரு சின்ன கேள்வி போதும் ரெண்டையும் பிரிக்க: குட்டு உடைஞ்ச மறுநாள் காலையில, லிங்க் போட்டவன் அந்த லிங்கை வச்சிருப்பானா, எடுத்துருவானா? வச்சிருப்பான்னா மேல படிங்க. எடுத்துருவான்னா அந்த ஐடியாவை இப்பவே தூக்கிப் போட்டுருங்க, நேரம் மிச்சம்.

வச்சிருக்கிற ரகத்துக்கு ஒரு உதாரணம், மரத்துல வாழுற ஆக்டோபஸ். 1998ல லைல் ஜபாட்டோங்கிற பேர்ல ஒருத்தர் போட்ட சைட், அமெரிக்காவோட பசிபிக் வடமேற்குக் காட்டுல மரக்கிளையில தொத்திக்கிட்டு வாழுற ஒரு ஆக்டோபஸ் இனம் அழிஞ்சுக்கிட்டு வருது, காப்பாத்துங்கன்னு. அறிவியல் பேர், வாழ்க்கை முறை, போட்டோ எல்லாம் படு சீரியஸா இருக்கும். கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 வாக்குல ஏழாம் வகுப்புப் பசங்க 25 பேர்கிட்ட இந்த சைட்டைக் காட்டி நம்பலாமான்னு கேட்டிருக்காங்க, கிட்டத்தட்ட மொத்தப் பேரும் நம்பிட்டாங்க. அதுக்கப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம். நெட்ல இருக்கிறதை எல்லாம் நம்பாதேன்னு பசங்களுக்கு சொல்லிக்குடுக்கணும்னா டீச்சருங்களுக்கு ஒரு பொய் சைட் தேவைப்படுது, இது கைக்கு ரெடியா இருக்கு. ஸ்கூல், லைப்ரரி, காலேஜ்னு காசு குடுத்தாலும் கிடைக்காத இடத்துல இருந்து லிங்க் விழுந்துக்கிட்டே இருக்கு, அதுவும் பொய்னு ஊருக்கே தெரிஞ்சதுக்கு அப்புறம்.

தண்ணியைப் பயங்கர ரசாயனம் மாதிரி காட்டுற டைஹைட்ரஜன் மோனாக்சைடு சைட்டும் இதே கதைதான். தண்ணியைப் பத்தி அதுல சொல்ற ஆபத்து எதுவும் பொய் கிடையாது, அதான் அழகு. மூச்சுக்குழல்ல போனா ஆள் செத்துருவான், ஆவி பட்டா வெந்துரும், ஆசிட் மழையில முக்கியமான பொருள், எல்லாமே உண்மை. 2004ல கலிஃபோர்னியாவுல அலிசோ வியஹோங்கிற ஊரோட நகர சபை, இந்த ரசாயனத்தை வச்சுத் தயாரிக்கிறாங்கன்னு சொல்லி ஃபோம் கப்பைத் தடை பண்றதைப் பத்தி விவாதிக்க அஜெண்டாவுலயே போட்டுட்டாங்க, கடைசி நேரத்துலதான் அது தண்ணின்னு தெரிஞ்சு எடுத்தாங்க. முடிஞ்சா இந்த ரூட்லயே போங்க, உண்மையை மட்டும் சொல்லி டூப்பு விடுறதுக்கு ஈடு இணை கிடையாது.

இப்ப மத்த ஜாதி. 2011 ஜூலை கடைசியில ஆப்டிகுவான்ட்னு ஒரு கம்பெனி, மைக்ரோசாஃப்டோட பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் யூஸ் பண்றவங்களுக்கு ஐக்யூ கம்மின்னு ஒரு லட்சம் பேருக்கு மேல டெஸ்ட் வச்சு கண்டுபிடிச்சதா அறிக்கை விட்டுச்சு. பிபிசி, சிஎன்என்னு பெரிய தலைங்கல்லாம் எடுத்துப் போட்டாங்க, லிங்க் மழை. சில நாள்ல பிபிசி வாசகர்களே நோண்டி எடுத்துட்டாங்க, டொமைன், அதாவது சைட்டோட முகவரிப் பேர், ரெஜிஸ்டர் பண்ணி ஒரு மாசம் கூட ஆகல, ஸ்டாஃப் போட்டோ எல்லாம் பாரிஸ்ல இருக்கிற ஒரு நிஜ கம்பெனி சைட்ல இருந்து சுட்டது. பின்னாடி இருந்தவர் ஒரு விலை ஒப்பிடுற ஷாப்பிங் சைட் நடத்துறவர், பழைய எக்ஸ்ப்ளோரருக்குக் கோட் எழுதி எழுதி நொந்து போய் பண்ணினேன்னார். அந்தக் கடுப்பு எனக்குப் புரியுது, ஆறாவது வெர்ஷனோட மல்லுக்கட்டினவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனா அந்த சைட்ல ஆராய்ச்சி பொய்னு எடுத்துட்டா மிச்சம் ஒண்ணுமில்ல, சிரிக்கக்கூட ஒரு வரி இல்ல. அதுவும் இல்லாம சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனியோட ஊழியர் முகத்தை எல்லாம் அதுல ஒட்டினது அநியாயம்.

2008ல இதை விட நேரடியா ஒண்ணு நடந்துச்சு, லிங்க் வாங்கவே செஞ்சது. பிரிட்டன்ல ஒரு நிதி ஒப்பீட்டு சைட்டுக்காக, 13 வயசுப் பையன் அப்பாவோட கிரெடிட் கார்டைத் திருடி செலவு பண்ணினான்னு ஒரு முழுப்பொய் செய்தி எழுதினாங்க. நிஜ செய்தி நிறுவனங்களே எடுத்துப் போட, எக்கச்சக்கமா லிங்க். அப்புறம் இது ஜோடிச்ச கதைன்னு வெளிய வந்ததும் எஸ்இஓ உலகமே, அதாவது தேடல்ல சைட்டை மேல கொண்டு வர்ற வேலை பாக்குறவங்க எல்லாம், ரெண்டா பிரிஞ்சு அடிச்சுக்கிச்சு, அப்ப கூகுள்ல ஸ்பாம் டீமுக்குத் தலையா இருந்த மேட் கட்ஸ், பட்டியல்ல எழுதாத ஏமாத்து வேலைக்கும் நடவடிக்கை எடுக்க எங்க விதியில இடம் இருக்குன்னு எடுத்துக் காட்டினார். அந்த வரியை ஞாபகம் வச்சுக்கங்க, "இதுக்குன்னு தனியா ரூல் எதுவும் இல்லியே"ன்னு யாரும் தப்பிக்க முடியாது.

சரி, செய்முறைக்கு வருவோம். ஐடியாதான் பாதி வேலை. காமெடியான விஷயத்தைத் தேடாதீங்க, உங்க துறையில இருக்கிறவங்க தினமும் பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கிற ஒண்ணைத் தேடுங்க. நான் ஒரு தடவை மீட்டிங் நேரம் ஒதுக்குற சாஃப்ட்வேர் விக்கிற ஒருத்தருக்காக பண்ணினேன். ஆபீஸ்ல வேலை பாக்குற யாரைக் கேட்டாலும் சாகடிக்கிறது மீட்டிங்தான்பாங்க. அதனால மீட்டிங் இழப்பீட்டு ஆணையம்னு ஒரு சைட், பாக்க அச்சு அசலா ஒரு சோம்பேறி அரசு இணையதளம் மாதிரி, மேல ஓடுற எழுத்து, பக்கத்துல மங்கலா ஒரு முத்திரை, "இந்தப் பக்கம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது" அப்படின்னு ஒரு தேதி, அந்தத் தேதி வர்ற வருஷத்துல. உள்ள போனா படிவம் 14-ஆ, "ஒரு மெயிலில் முடிந்திருக்க வேண்டிய மீட்டிங்கில் கலந்துகொண்டோருக்கான இழப்பீடு". கேள்வி மூணாவது: "மீட்டிங்கில் 'எல்லாருக்கும் என் ஸ்கிரீன் தெரியுதா' என்று எத்தனை முறை கேட்கப்பட்டது? பத்துக்கு மேல் எனில் மருத்துவச் சான்று இணைக்கவும்." நிரப்பி முடிச்சா ஒரு சான்றிதழ் வரும், உங்க பேர் போட்டு, "மேற்படியார் தம் ஆயுளில் இத்தனை மணி நேரத்தை இழந்தார் என இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது, இழப்பீடு குறித்து முடிவெடுக்க ஒரு மீட்டிங் கூட்டப்படும்"னு.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் ஆளுங்க ஷேர் பண்ணினாங்க. சும்மா படிச்சுட்டுப் போற பக்கத்தை விட, எதையாவது நிரப்பி, அழுத்தி, தன் பேரோட ஏதோ ஒண்ணு கையில கிடைக்கிற பக்கத்துக்கு லிங்க் சேர்றது பல மடங்கு சுலபம். கணக்குப் போடுற கருவி, பேர் உருவாக்குற கருவி, சான்றிதழ், இதுல எது வேணா.

எழுதுறப்ப கையை அடக்கணும். ஒவ்வொரு வரியிலயும் ஜோக் வச்சா யாருக்கும் சிரிப்பு வராது, பத்து வரி சப்புன்னு சீரியஸா போயி பதினொண்ணாவது வரியில தட்டி விடணும். நான் எப்பவும் முதல் ஸ்கிரீன்ல ஜோக்கே வைக்க மாட்டேன், ரெண்டாவது ஸ்கிரோல்ல சந்தேகம் வரணும், மூணாவதுல பிடிபடணும். அப்புறம் மூலை முடுக்குல வேலை பாருங்க. 404 பக்கம் (கேட்ட பக்கம் இல்லன்னு வர்றது), குக்கீ அறிவிப்பு, அடிக்கடி கேக்குற கேள்விகள், பிரைவசி பாலிசி, இதெல்லாம் சாதாரணமா யாரும் படிக்காத இடம்கிறதாலதான் அங்க ஒரு ஜோக் மாட்டுச்சுன்னா கண்டுபிடிச்சவன் ஏதோ புதையல் கிடைச்ச மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவான். மீட்டிங் சைட்ல குக்கீ அறிவிப்புல "ஏற்கிறேன்", "இதைப் பற்றி விவாதிக்க மீட்டிங் போடு"ன்னு ரெண்டு பட்டன் வச்சேன், மெயின் பக்கத்தை விட அது அதிகமா சுத்துச்சு, நான் அஞ்சு நிமிஷத்துல எழுதினது.

டொமைன் பேர்ல தான் கேஸ் வரும், ஜாக்கிரதை. ஒரு நிஜ நிறுவனத்தோட பேரை அப்படியே டொமைனா வச்சுட்டு உள்ள போனா நையாண்டின்னு சொல்றது எடுபடாது. அமெரிக்காவுல விலங்கு உரிமை அமைப்பு பீட்டா இருக்குல்ல, அவங்க பேர்லயே டாட் ஆர்க் டொமைனை 1995ல வேற ஒருத்தர் எடுத்து, விலங்குகளை ருசிச்சுச் சாப்பிடுற மனுஷங்கன்னு அதே எழுத்துக்கு வேற விரிவாக்கம் குடுத்து சைட் போட்டார். ஐடியா என்னவோ நல்ல காமெடிதான். ஆனா 2001ல அப்பீல் கோர்ட் அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லிருச்சு, ஏன்னா டொமைன் பேரைப் பாக்குறவனுக்கு அசல் அமைப்புன்னுதான் தோணும், நையாண்டிங்கிறது உள்ள போனப்புறம்தான் தெரியுது, ரெண்டும் ஒரே நேரத்துல தெரிஞ்சாத்தான் அது நையாண்டின்னு. அதனால பேர்லயே கோணல் தெரியணும். அதை விட நல்லது, யாரோட பிராண்டையும் தொடாம ஒரு வகையைக் கிண்டல் பண்றது. ஒரு குறிப்பிட்ட பேங்கை இல்ல, பேங்க் ஃபாரத்தை. ஒரு குறிப்பிட்ட ஆளை இல்ல, அந்த மாதிரி ஆளுங்க பேசுற பேச்சை. 2023 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜாக் டேனியல்ஸ் பாட்டில் மாதிரி செஞ்ச நாய் பொம்மை வழக்குல, அடுத்தவன் பிராண்டை உன் சரக்கோட அடையாளமா வச்சு விக்கிறப்ப நையாண்டிங்கிற சலுகையை அப்படியே எதிர்பாக்காதேங்கிற மாதிரி சொல்லிருச்சு, ஆக வியாபாரத்துக்காக செய்யுற நமக்கு இடம் இன்னும் குறுகல். நாட்டுக்கு நாடு சட்டம் வேற, பெரிய பிராண்டைத் தொடணும்னு கை அரிச்சா முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க.

தனி டொமைனா, உங்க சைட்டுக்குள்ளயே ஒரு ஃபோல்டரான்னு கேட்டா, லிங்க்தான் குறின்னா ஃபோல்டர். தனி டொமைன்ல விழுற லிங்க் எல்லாம் அந்த டொமைனுக்குத்தான் பலம், உங்க கடைக்கு வராது. நிறைய பேர் என்ன பண்றாங்க, ஜோக் சைட்டை ஓட விட்டு லிங்க் சேர்ந்ததும் மொத்தமா 301 ரீடைரக்ட் (வர்றவங்களை நிரந்தரமா வேற முகவரிக்கு அனுப்புறது) போட்டு பொருள் விக்கிற பக்கத்துக்குத் திருப்பி விட்டுர்றாங்க. சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினா கூகுள் அதை சாஃப்ட் 404ன்னு எடுத்துக்கும், அதாவது பக்கமே இல்லாத மாதிரி, அப்ப அந்த லிங்க்கோட மதிப்பு என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. அது போக சிரிக்க வந்தவனை கடைக்குள்ள இழுத்துத் தள்ளினா அவன் லிங்கை எடுத்துருவான். ஜோக்குக்கு தனி டொமைன் இல்லாம முடியவே முடியாதுன்னா தனியா போடுங்க, கீழ ஒரே ஒரு வரி, "இதைச் செய்த வெட்டி ஆட்கள்"னு உங்க பேரோட ஒரு நேர்மையான லிங்க், அவ்ளோதான். லிங்க்கா தெரியுற எழுத்துல (ஆங்கர் டெக்ஸ்ட்) ஜனங்க தேடுற சொல்லை, அதாவது கீவேர்டைத் திணிக்க வேண்டாம். சான்றிதழை தங்களோட சைட்ல ஒட்டிக்க எம்பெட் கோட் குடுத்தீங்கன்னா அந்த லிங்க்ல நோஃபாலோ (இந்த லிங்க்கைக் கணக்குல எடுக்காதேன்னு கூகுளுக்குச் சொல்ற குறி) போட்டுருங்க, இப்படி ஒட்டிக்கிற விட்ஜெட்டுக்குள்ள கீவேர்ட் லிங்க் ஒளிச்சு வைக்கிறது கூகுளோட லிங்க் ஸ்பாம் பட்டியல்ல பேர் சொல்லியே இருக்கு.

இப்ப எங்க சறுக்கினேன்னு சொல்றேன். படிவத்துல பேர், கம்பெனி பேர், மெயில் ஐடி மூணும் கேட்டிருந்தேன், சும்மா நிஜம் மாதிரி தெரியட்டும்னு. ஆளுங்க நிஜமாவே அவங்க கம்பெனி பேரையும் மேனேஜர் பேரையும் போட்டு, பக்கம் பக்கமா குறை எழுதி அனுப்பினாங்க. ரெண்டு பேர் இழப்பீடு எப்ப வரும்னு கேட்டு மறுபடி மெயில் போட்டாங்க, அதுல ஒருத்தர் எழுதினதைப் படிச்சா சிரிப்பு வரல, பாவம் மனுஷன் உண்மையாவே நம்பியிருக்கார். அன்னிக்கே உக்காந்து எல்லாத்தையும் அழிச்சேன், படிவத்தை பிரவுசருக்குள்ளயே ஓடுற மாதிரி மாத்தினேன், எதுவும் சர்வருக்கு வராது, மெயில் பெட்டியைத் தூக்கிட்டேன், சான்றிதழ் மேலயே "இது நையாண்டி, பணம் வராது, மன்னிக்கவும்"னு போட்டேன். நான் பயந்த மாதிரி ஜோக் செத்துப் போகல, "மன்னிக்கவும்"ல தான் நிறைய பேர் சிரிச்சாங்க. அதனால பாஸ்வேர்ட், கார்டு நம்பர், ஐடி கேக்குற மாதிரி ஒரு பெட்டி கூட வைக்காதீங்க, ஜோக்காக் கூட. ஒரு நிஜ நிறுவனத்தோட லாகின் பக்கம் மாதிரி ஏதாவது தெரிஞ்சுட்டா கூகுளோட சேஃப் பிரவுசிங்கிற பாதுகாப்பு வசதி சிவப்பு எச்சரிக்கைத் திரை போட்டு ஆளையே உள்ள விடாது, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தருக்கா விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கணும்.

நையாண்டின்னு ஒத்துக்கிற வரியை எங்க வைக்கிறதுன்னா, "எங்களைப் பற்றி" பக்கத்துல தெளிவா, அடியில ஒரு வரி, சான்றிதழ் மாதிரி வெளிய போற எல்லாத்து மேலயும் ஒரு வரி. இமேஜ்ல எழுதி வைக்காதீங்க, டெக்ஸ்டா இருக்கணும், ஏன்னா இப்ப படிக்கிறது மனுஷன் மட்டும் இல்ல. தி ஆனியன்கிற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை 2021ல எழுதின, தினமும் ஒரு சின்னக் கல்லாவது சாப்பிடணும்னு நிலவியல் ஆளுங்க சொல்றாங்கங்கிற நையாண்டியை 2024 மே மாசம் கூகுளோட ஏஐ நிஜ அறிவுரையா எடுத்து நீட்டிருச்சு. மனுஷங்களும் ஒண்ணும் லேசுப்பட்டவங்க இல்ல, 2012ல அதே ஆனியன் கிம் ஜோங் உன்னை உலகத்துலயே கவர்ச்சியான ஆண்னு எழுதினதை சீனாவோட பீப்பிள்ஸ் டெய்லி இணையப் பதிப்பு நம்பி 55 படத்தோட கொண்டாடிருச்சு. அதனால மருந்து, உணவு, ஓட்டு, பங்குச்சந்தை, கலவரம், ஆபத்து உதவி, இதுல எதையும் தொடாதீங்க. யாரோ ஒருத்தர் நம்பத்தான் போறார், நம்பினா அவருக்கு என்ன ஆகும்னு பாத்துக்கங்க. மீட்டிங் இழப்பீடு வரலன்னா ஒரு ஏமாற்றம், அதுவே எனக்கு உறுத்துச்சு.

பெரிய கம்பெனி ஆளுங்க மாதிரி வேஷம் போட்டுப் போராடுற யெஸ் மென் குழு பண்ணினதை நிறைய பேர் முன்மாதிரியா சொல்வாங்க. 2004 டிசம்பர்ல, போபால் விபத்தோட 20வது நினைவு நாள்ல, போபால் ஆலைக்காரங்களான யூனியன் கார்பைடை வாங்கின டௌ கெமிக்கல் பேர்ல அவங்க போட்டிருந்த டூப்பு சைட்டை அசல்னு நினைச்சு பிபிசி பேட்டிக்குக் கூப்பிட, டௌ பேர்ல போய் உக்காந்து பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்ட ஈடு குடுக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில டௌ பங்கு கொஞ்ச நேரத்துல நாலு சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. அது அரசியல் போராட்டம், அவங்க அதுக்கு பதில் சொல்லத் தயாரா நின்னாங்க, போபால் ஜனங்களுக்குப் பொய் நம்பிக்கை குடுத்துட்டீங்கன்னு கேள்வியும் வாங்கினாங்க. மீட்டிங் சாஃப்ட்வேர் விக்க அந்த அளவு விளையாட்டு நமக்குத் தேவையே இல்ல.

வெளியிடுற நாள். ஏப்ரல் ஒண்ணு வேண்டவே வேண்டாம், அன்னிக்கு எல்லா கம்பெனியும் கத்திக்கிட்டு இருக்கும், ஜனங்களும் உஷாரா இருப்பாங்க. 2004 ஏப்ரல் ஒண்ணாம் தேதி ஜிமெயில் அறிவிப்பு வந்தப்ப ஒரு ஜிபி இடம் இலவசமான்னு நிறைய பேர் அதையே ஜோக்னு நினைச்சாங்க, நிஜத்தையே நம்பாத நாள் அது. 2016ல அதே ஜிமெயில் அனுப்புற பட்டன் பக்கத்துலயே மைக் டிராப்னு ஒரு ஜோக் பட்டன் வச்சு, தெரியாம அழுத்தினவங்களோட வேலை மெயில்ல எல்லாம் மினியன் படம் போயி, சில மணி நேரத்துல தூக்க வேண்டியதாப் போச்சு. வோக்ஸ்வேகன் 2021ல பேரை வோல்ட்ஸ்வேகன்னு மாத்துறோம்னு மார்ச் கடைசியிலயே விட்டுட்டு, ஜோக்கான்னு கேட்ட நிருபர்கள்கிட்டயும் இல்லன்னு சாதிச்சாங்க. கடைசியில ஜோக்தான்னு ஒத்துக்கிட்டப்ப யாருக்கும் சிரிப்பு வரல, அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விசாரிக்குதுன்னு செய்திதான் வந்துச்சு. நிருபர் நேரா கேட்டா நேரா சொல்லிருங்க. நான் முதல் மெயில்லயே சொல்லிருவேன், "இது நையாண்டி சைட், நாங்கதான் செஞ்சோம், படிவம் 14-ஆ மட்டும் பாருங்க"ன்னு. ஏமாந்து எழுதினவர் அடுத்த தடவை உங்க மெயிலையே திறக்க மாட்டார், சிரிச்சு எழுதினவர் திறப்பார்.

மத்ததெல்லாம் சில்லறை வேலை, வேகமா சொல்லிடறேன். ஷேர் பண்ணினா வர்ற பிரிவியூ படம் 1200க்கு 630ல செஞ்சு அதுக்குள்ளயே ஜோக் இருக்கட்டும், பாதிப்பேர் அதை மட்டும்தான் பாப்பாங்க. சைட்டை ஸ்டாட்டிக்கா, அதாவது முன்னாடியே தயாரா இருக்கிற பக்கங்களா போடுங்க, டேட்டாபேஸ் வேண்டாம், கூட்டம் வர்ற அந்த ஒரு நாள்ல படுத்துருச்சுன்னா போச்சு. போட்டோ சுடாதீங்க, நீங்களே எடுங்க, இல்ல வரையுங்க, முகமே இல்லாம இருந்தா இன்னும் நல்லது. முதல்ல துறைக்குள்ள இருக்கிற பத்துப் பேருக்கு அனுப்புங்க, அவங்க சிரிக்கலன்னா வெளிய விடாதீங்க, அவங்களை விட நல்லா இந்த ஜோக் யாருக்கும் புரியப் போறதில்ல. கூட்டம் வந்த வாரத்தோட கணக்கை மட்டும் பாத்து சந்தோஷப்பட்டுறாதீங்க, நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்கைக் காட்டுற கூகுள் கருவியான சர்ச் கன்சோல்ல ஆறு மாசம் கழிச்சுப் பாருங்க, லிங்க் குறையாம இருக்கான்னு.

தனி டொமைன்ல போட்டிருந்தா அதைப் புதுப்பிக்க மறந்துறாதீங்க. கைவிட்ட டொமைனை லிங்க்குக்காகவே தூக்குறதுக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்கான், இன்னிக்கு உங்க ஜோக்குக்கு லிங்க் குடுத்த டீச்சரோட பக்கத்துல இருந்து நாளைக்கு ஒரு பையன் கிளிக் பண்ணினா சூதாட்ட சைட் திறக்கும். எங்க ஆணையத்தோட டொமைனுக்கு வருஷா வருஷம் நினைவூட்டல் மெயில் வருது, அந்த சாஃப்ட்வேர்க்காரர் ஒவ்வொரு தடவையும் "இதைப் பத்தி ஒரு கால் போட்டுப் பேசிரலாமா"ன்னு கேப்பார், நான் படிவம் 14-ஆவை அவருக்கு அனுப்பி வச்சுட்டு புதுப்பிச்சுருவேன்.